குகை வாசலும் ஒரு செட் பல்லும்

என் அக்காவுக்குத் தொழில் பல் செய்வது. பிடுங்குவது டாக்டர்கள் பாடு. பிடுங்கிய இடத்தில் வைப்பதற்கு மேல் செட்டு, கீழ் செட்டு என்று செய்து கொடுப்பது இவள் பாடு. "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது உங்க அக்கா கைவேலை, மீதிப் பாதி பில்லைப் பார்த்து அழுதுட்டிருக்கு" என்பார் அத்தான். கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அக்காவின் பார்வை முகத்துக்குப் போகாது, நேராக வாய்க்குப் போகும். "நம்மளுது" என்று முணுமுணுத்துவிட்டு நடப்பாள். இல்லாவிட்டால், "வேற எவனோ செஞ்சிருக்கான், பாரு, வேலிக் கட்டை நட்ட மாதிரி" என்பாள்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. யார் வந்தாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் அங்கே வந்து நிற்கும்: "இத்தனை வருஷத்துல என் செட்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

வீட்டின் பின்பக்க அறைதான் அவள் பட்டறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன் மேல் ராவும் மோட்டார், மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, வரிசையாக மஞ்சள் பிளாஸ்டரில் வார்த்த ஈறுகள். மூலையில் ஓர் அடுப்பு, அடுப்பில் எப்போதும் ஒரு மூடிய பானை. ரோஜா நிற ஈறுக் கூழை அச்சுக்குள் அடைத்து, அந்தப் பானை வெந்நீரில்தான் வேகவைப்பாள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்லும் முதல் வார்த்தை, "பசிச்சா சமையலறைப் பானையத் திற, இந்தப் பானையத் திறக்காதே."

அத்தான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் வரும் குரல் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. "பயணிகள் கவனத்திற்கு, சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய காப்பி இன்னும் புறப்படவில்லை" என்று கூடத்திலிருந்து அறிவிப்பு வரும். "பால் வரல, சிக்னல் விழல, பேசாம உக்காருங்க" என்று உள்ளேயிருந்து பதில் போகும். வெளிநாட்டிலிருந்து நான் கூப்பிட்டால், "கடல் கடந்து வரும் மச்சான் விரைவு வண்டி வந்து சேர்ந்தது" என்று சொல்லிவிட்டுத்தான் போனை அக்காவிடம் தருவார்.

போன வருடம் அவருக்கு ஈறு கெட்டது. ஒவ்வொன்றாக ஆடிய பற்களை, அக்கா செட்டு செய்து கொடுக்கும் பல் டாக்டரம்மா மொத்தமாக எடுத்துவிட்டார். புண் ஆறியதும் அக்கா செட்டு செய்தாள். யார் யாருக்கோ செய்தவள், சொந்தப் புருஷனுக்குச் செய்யும்போது விடுவாளா? அத்தான் வேலையில் இருந்த காலத்துப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மேசைக்கு மேல் ஒட்டிவைத்து, சிரித்த வாயில் முன்பல் இரண்டு எப்படி ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருந்ததோ அதே ஏற்றத்தோடு வைத்தாள். பார்த்தவர்கள் அசந்துபோனார்களாம்.

அத்தான் அதைக் கொஞ்ச நாள் போட்டார். பிறகு அது குளியலறை ஜன்னல் விளிம்பில், தண்ணீர்க் கிண்ணத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கூடவே அவர் குரலும்.

நான் கூப்பிட்டால் அறிவிப்பு இல்லை. "அத்தான் எங்கக்கா?" என்றால், "ரயில் ரூம்ல." எப்போது கேட்டாலும், பொம்மை ரயில் ஓட்டும் அந்த ரூம்தான். தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் சும்மா இருக்குமா? மூளையில் ரத்தக்கட்டு, தொண்டையில் கட்டி, மனச்சோர்வு என்று கண்ட மருத்துவக் கட்டுரைகளை எல்லாம் படித்து அக்காவுக்கு அனுப்பினேன். தமிழில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் படித்து இன்னும் கூடுதலாகப் பயந்தேன். கடைசியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

வந்த அன்றே அக்கா சொன்னாள். "நீ வந்தா வீட்டுக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் நடமாடுற மாதிரி இருக்குடா. அவருக்கு ஒரு நோயும் இல்ல. பல்லு இல்ல. அவ்வளவுதான்."

"அதான் நீ செஞ்சு குடுத்திருக்கியே?"

அக்கா மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுக்கு ஒரே மகள். போன வருடம் தொலைவில் ஓர் ஊரில் வேலைக்குப் போனாள். போகும்போது அத்தான், "அவ்வளவு தூரமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அவள் போன சில நாட்களில் பல் எடுத்தார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போன் செய்யும்போது அத்தான் மெதுவாக எழுந்து ரயில் அறைக்குப் போய்விடுகிறார். அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். போன வாரம் அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்: "அப்பா வாயத் திறந்து 'வா'ன்னு சொல்லட்டும், அப்புறம் வர்றேன்."

"பல்லு போச்சு, அதனாலதான் பேசலன்னு அவகிட்டச் சொல்லிடேன்கா."

"சொல்லக் கூடாதுன்னு அவர் கையெடுத்துக் கும்பிடறாரு. இந்தக் குரலக் கேட்டா பிள்ளை பயந்துடுவாளாம். அது கிடக்கட்டும். சொன்னேன்னு வெச்சுக்கோ, அவ என்ன கேப்பா? 'நீதானேம்மா பல்லு செய்யறவ, அப்பா ஏன் போட மாட்டேங்கிறாரு?' இதுக்கு நான் என்னடா சொல்ல?" மேசைத் தூசியைக் கையால் வழித்து ஓரமாகத் தள்ளினாள். "ஊருக்கெல்லாம் புடிச்சிருக்கு. வீட்டுக்காரருக்குப் புடிக்கல. கேட்டா தலைய ஆட்டுறாரு. நல்லாருக்கா? ஆட்டுறாரு. வலிக்குதா? இல்லன்னு ஆட்டுறாரு. அப்புறம் ஏன் போடல? அதுக்கும் ஆட்டுறாரு."

ரயில் அறை பட்டறைக்கு அடுத்த அறை. இடுப்பு உயரத்துக்கு மரப்பலகை போட்டு, அதன் மேல் அத்தான் தன் பழைய நிலையத்தைச் சின்னதாகக் கட்டியிருந்தார். நடைமேடை, மேம்பாலம், மணிக்கூண்டு, தண்ணீர்க் குழாய், குழாயடியில் படுத்திருக்கும் ஒரு நாய்கூட. நிஜத்தில் நடைமேடை முடிந்ததும் தண்டவாளம் வளைந்து ஒரு மலைக் குகைக்குள் நுழையும். அவர் அறிவிப்பு அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் குகை வாசல்தான் தெரியுமாம். முதலில் உள்ளே ஒரு முனகல், பிறகு சுவரில் வெளிச்சம், அப்போதுதான் அவர் மைக்கைத் தொடுவார்.

பலகையிலும் மலை இருந்தது. தெர்மாகோலை அடுக்கி, காகிதக் கூழ் பூசி, பச்சை அடித்திருந்தார். ஆனால் குகை வாசல் மட்டும் வெறும் ஓட்டை. ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது. அட்டையில் செய்து பார்த்திருக்கிறார், சரியாக வரவில்லை. ரயில் அந்த ஓட்டைக்குள் போய், அலமாரிக்குப் பின்னால் சுற்றி, மறுபடி நிலையத்துக்கு வரும்.

இதெல்லாம் போனில் படமாகப் பார்த்துத்தான் நான் ஒரு பரிசு வாங்கி வந்திருந்தேன். பிளாஸ்டிக்கில் செய்த குகை வாசல். அத்தான் பெட்டியைத் திறந்தார், என் தோளைத் தட்டினார், பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்தார். அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, சோப்பு டப்பாவுக்கு ஓட்டை போட்ட மாதிரி?"

"நிஜக் கல் மாதிரியே இருக்கும்னு பெட்டி மேல போட்டிருந்துச்சுக்கா."

"போடுவான். அவனுக்கென்ன, அவன் வீட்டு மலையா?" அவள் குனிந்து பலகையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். "அதுக்காக இதையும் இப்படியேவா விட்டு வைக்கிறது? மலைக்குக்கூடப் பல்லப் புடுங்கின மாதிரி..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அத்தானின் கை வாயை மூடியிருந்தது. அது அவருக்கு இப்போது வழக்கமாகிவிட்ட சைகை. கைக்குட்டையை மடித்து உதட்டோரம் வைத்துக்கொள்வார், கூச்சப்படும் புதுமாப்பிள்ளை மாதிரி.

மறுநாள் காலை அக்கா ரயில் அறை வாசலில் வந்து நின்றாள். "இங்க பாருங்க, அந்த வாசல நான் செஞ்சு தர்றேன். அச்செடுக்கறதும் வார்க்கறதும் நமக்குப் புதுசா? அந்தக் குகை எப்படி இருக்கும்னு மட்டும் காட்டுங்க."

அத்தான் எழுந்து பட்டறைக்கு வந்து, மேசைக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைச் சுட்டிக் காட்டினார். பல்லுக்காக அவள் பெரிதாக்கிய அதே படம். நிலைய ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் அத்தான் சிரிக்கிறார். எல்லாருக்கும் பின்னால், கல் கல்லாகத் தெளிவாக, குகை வாசல்.

"அடக் கடவுளே" என்றாள் அக்கா. "மாசக்கணக்கா இதைத்தான் பார்த்துட்டிருந்தேன். உங்க வாயத் தாண்டி என் கண்ணு போகவே இல்ல."

அத்தானின் கைக்குட்டைக்குப் பின்னால் என்னவோ அசைந்தது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணாடிப் பலகை மேல் ரோஜா நிற மெழுகுத் தகட்டைப் பரப்பி அக்கா ஆரம்பித்தாள். மெழுகுக் கத்தியைச் சூடாக்கி, கல் வரிசைகளைக் கீறினாள். ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே வந்தால், அத்தானின் விரல் வந்து அந்த இடத்தைத் தட்டும். அவள் அழித்துவிட்டு மறுபடி கீறுவாள். வளைவுக்கான கற்கள் மேலே அகன்று கீழே குறுகியவை. அவற்றை இரண்டு பக்கமிருந்தும் ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் நடுக்கல்லைக் கடைசியாக வைத்தாள். "முன்பல் அடுக்குற மாதிரிதான். நடுக்கோடு தப்பினா மூஞ்சியே கோணிடும்" என்றாள்.

மெழுகு முடிந்ததும் அதன் மேல் ரப்பர்க் கூழை ஊற்றி அச்செடுத்தாள். அச்சுக்குள் மஞ்சள் பிளாஸ்டரை ஊற்றி, அதிரும் தட்டின் மேல் வைத்தாள். உள்ளிருந்த காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. மேசையில் இருந்த கத்திகள் கிணுகிணுத்தன. அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி வரும்போது அவர் அறை ஜன்னலும் அப்படித்தான் கிணுகிணுக்கும் போலிருக்கிறது.

வாசலோடு நிற்கவில்லை. வாசலின் இரண்டு பக்கமும் மண் சரியாமல் தாங்கும் சுவர்கள், படிப்படியாகத் தாழ்ந்து போகிறவை. சுவரில் மழைநீர் வடியும் துளைகள், ஊசியால் குத்தியவை. மேலே ஏற ஒரு கல் படிக்கட்டு. அதற்குக் கைப்பிடிக் கம்பி, பல்லுக்குக் கட்டும் கம்பியிலிருந்து வளைத்தது. தண்டவாளம் காப்பவர் ஒதுங்கும் ஒரு குடிசைக்குத் தகரக் கூரை, பால் டின் மூடியை வெட்டிப் போட்டது. எனக்குக் கொடுத்த வேலை பஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் நனைத்துப் புதர் செய்வது. பசை நாற்றம் நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்றேன்.

"திறந்துதான் இருக்கு. நீ மூச்சு விடுடா முதல்ல" என்றாள் அக்கா.

காய்ந்த கல்லுக்குக் பால் கலக்காத கெட்டித் தேநீரைத் தடவி நிறம் ஏற்றினாள். மெழுகுவத்திப் புகையைக் காட்டி வளைவின் உச்சியில் கரி படியவைத்தது அத்தான். துளைகளுக்குக் கீழே ஈரம் வழிந்த கறையை மெல்லிய தூரிகையால் இழுத்ததும் அவரே. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட மேசை மேல் குனிந்திருந்தார்கள். பேச்சு என்னவோ ஒரு பக்கம்தான். அக்கா பேசுவாள், அவர் தட்டுவார். என்றாலும் வீட்டில் ஒரு சத்தம் திரும்பி வந்தது போல இருந்தது.

வாசலின் அகலத்தை அக்கா காலிப்பர் வைத்து அளந்திருந்தாள். நிலையத்தில் நின்ற ரயில் பெட்டியை இரண்டு பக்கமும் அளந்து, ஒரு காகிதம் நுழையும் இடைவெளி மட்டும் விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் விடலாமேக்கா?"

"எதுக்கு? இடைவெளி விட்டா ஆடும். நான் செஞ்ச எதுவும் ஆடாது."

அவள் அப்படிச் சொன்னபோது அத்தான் வளைந்த தண்டவாளத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாயைத் திறந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன். தொண்டை வலியோ என்று நினைத்தேன்.

வாசலை மலையில் பொருத்திய அன்று மாலை, நாங்கள் மூவரும் பலகையைச் சுற்றி நின்றோம். பிய்ந்த ஓட்டை இருந்த இடத்தில் கருத்த கல் வளைவு, ஈரம் வழிந்த சுவர்கள், படிக்கட்டில் பச்சை. அக்கா படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "வண்டிய விடுங்க" என்றாள்.

அத்தான் குமிழைத் திருகினார். எஞ்சின் நடைமேடையை விட்டு நகர்ந்தது, வளைவில் திரும்பியது, குகைக்குள் நுழைந்தது. முதல் பெட்டி பின்னாலேயே போனது. அப்போது கரகரவென்று ஒரு சத்தம். பெட்டியின் பக்கவாட்டுப் பெயிண்ட் ஒரு கோடாக உரிந்தது. அடுத்த பெட்டி சாய்ந்து தண்டவாளத்தை விட்டு இறங்கியது.

"ஒரசுது!"

குரல் வந்த திசையில் நானும் அக்காவும் திரும்பினோம். அத்தான் கைக்குட்டை கீழே கிடப்பதுகூடத் தெரியாமல் நின்றார். சொல் ஈறில் வழுக்கித்தான் வந்தது. ஆனால் வந்தது அந்தப் பழைய குரல், அடிவயிற்றிலிருந்து.

அக்கா முதலில் தொழிலைத்தான் பார்த்தாள். "எப்படி ஒரசும்? நான் அளந்துதான் செஞ்சேன்."

"நேர்க்கோட்டுல அளந்தே" என்றார் அத்தான். நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அது வளைவு. வளைவுல பெட்டி நீளமா இருந்தா, நடு வயிறு உள்பக்கம் வரும். முனை வெளிப்பக்கம் போகும். நிஜத்துலயும் அதுக்குத்தான் வாசல அகலமா வெச்சிருக்கான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையை ஆட்டினார். இந்த முறை என்ன அர்த்தம் என்று சந்தேகம் இல்லை.

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" கோபத்தில் பழமொழி முந்திக்கொண்டது. வாய் என்ற சொல் வந்ததும் அவளுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும்.

அத்தான் குனிந்து, இறங்கிய பெட்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார். "அழகா இருந்துச்சு" என்றார்.

அக்கா விறுவிறுவென்று பட்டறைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். ஆனால் கையில் ஒரு சின்னக் கட்டோடு திரும்பி வந்தாள். மெல்லிய நீலத் தாள்கள். பல் டாக்டர்கள் கடிக்கச் சொல்லிக் கொடுப்பது. எந்த இடம் கூடுதலாக இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் ராவினால் போதும்.

தாளை வெட்டி வாசலின் உட்பக்கம் இரண்டு ஓரத்திலும் வைத்துப் பிடித்தாள். "கையால தள்ளுங்க, மெதுவா."

அத்தான் பெட்டியைத் தள்ளினார். தாளை எடுத்தபோது உள்பக்கச் சுவரில் ஒரு நீலத் தடம், வெளிப்பக்கச் சுவரில் இரண்டு. மோட்டாரைக் கொண்டுவந்து, நீலம் பட்ட இடத்தை மட்டும் அவள் ராவினாள். அத்தனை நாள் கீறிய கல் தூளாக உதிர்ந்தது. பார்க்க எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் ஊதிவிட்டு, புதுத் தாள் வைத்து, "தள்ளுங்க" என்றாள். மறுபடி நீலம், சின்னதாக. மறுபடி ராவல். கடைசியில் தாள் வைத்த இடத்தில் நீலம் ஒட்டவே இல்லை. ராவிய இடத்தில் தேநீரைத் தடவி மூடினாள்.

ரயில் உரசாமல் உள்ளே போனது. அலமாரிக்குப் பின்னால் சுற்றி வந்து நடைமேடையில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. அக்கா தன் விரல்களில் இருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"அந்தக் கிண்ணத்துல கிடக்கே, அதுவும் அழகா இருக்குதா?"

அத்தான் தண்டவாளத்தைத் துடைப்பது போலப் பாவனை செய்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப" என்றார்.

"அப்போ எங்க ஒரசுது?"

நான் அறையை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை. அத்தான் மெதுவாகக் கையைத் தூக்கி, கீழ்த்தாடையின் இடது ஓரத்தைத் தொட்டார். பிறகு வலது பக்கம். பிறகு மேல் உதட்டுக்கு நடுவில்.

"இவ்வளவு இடத்துலயா? புண்ணா?"

"ஆறிடுச்சு. போட்டா மறுபடி வரும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? டாக்டரம்மாகிட்டயாவது?"

"சொன்னா அவங்க உன்கிட்டத் திருப்பி அனுப்புவாங்க." அவர் இப்போது வாயை மூடிக்கொள்ளவில்லை. "ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லன்னு எத்தனை பேர்கிட்டச் சொல்லிருக்கே. முதல் ஆளா நான் எதுக்கு?"

அக்கா மேலங்கியின் முனையால் முகத்தைத் துடைத்தாள். பிளாஸ்டர்த் தூசியும் நீலமுமாகக் கன்னம் ஒரு மாதிரி ஆயிற்று. "நல்ல ஆளுய்யா" என்றாள். "எனக்குப் பேர் வாங்கிக் குடுக்க நீங்க ஊமையாயிட்டீங்களா? பெத்த பொண்ணு அங்க அழுதுட்டிருக்கா. நான் இங்க, என் வேலைய வெறுத்துட்டாரு, அதைச் சொல்ல மனசு வராம என்கிட்டயும் வாயத் திறக்கலன்னு..." அத்தான் கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்து, தூசி தட்டி, அவளிடம் நீட்டினார்.

மறுநாள் மூவரும் டாக்டரம்மாவிடம் போனோம். நான் போக வேண்டிய அவசியமே இல்லை, என்றாலும் போனேன். கிண்ணத்தோடு செட்டை நீட்டி, ஏதோ தப்பு செய்துவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை போல அக்கா சொன்னாள், "மேடம், இது திரும்பி வந்திருக்கு."

டாக்டரம்மா அத்தானை நாற்காலியில் சாய்த்து, செட்டைப் போட்டு, நீலத் தாளைக் கடிக்க வைத்தார். அக்காவையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். இத்தனை வருடமாக அச்சைப் பார்த்தே பல் செய்தவள், அந்தப் பல் வாய்க்குள் போய் உட்காருவதைப் பக்கத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாம். பேசும்போது கன்னம் இழுக்கிறது, நாக்கு தள்ளுகிறது, முழுங்கும்போது தாடையின் அடிச்சதை மேலே ஏறுகிறது.

"ஓ, இதுவும் வளைவுதான்" என்றாள் அக்கா, தனக்குத்தானே. "நான் நேர்க்கோட்டுல அளந்திருக்கேன்."

டாக்டரம்மா ராவிக்கொண்டே சொன்னார், "நீங்க ஏன் இவ்வளவு சங்கடப்படறீங்க? எந்த செட்டும் முதல் நாளே வாய்ல உக்காராது. ஈறு சுருங்கும், புண்ணாகும். எல்லாருமே திரும்பி வருவாங்க. நான் இங்கயே அங்கங்க ராவி அனுப்பிடுவேன்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான்."

"என் செட்டுமா?"

"உங்க செட்டு கொஞ்சம் கம்மி" என்றார் டாக்டரம்மா, சமாளிக்கிற குரலில். "பெருமையாச் சொல்லிட்டிருப்பீங்களே, அதைக் கெடுப்பானேன்னுதான் சொல்லல."

அக்கா அவரைப் பார்த்தாள், நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த அத்தானைப் பார்த்தாள். "ஊரே சேர்ந்து என் பெருமையத் தூக்கிட்டு நடந்திருக்கீங்க" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் வாய்க்குள் கருவியோடு கண்ணால் சிரித்தார். எனக்கு மட்டும் கருவி குத்திவிடுமோ என்று ஒரே கவலை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் போன் செய்கிற நேரத்துக்கு முன்பே அத்தான் ரயில் அறைக்குப் போய்விட்டார். இவ்வளவும் செய்து, மறுபடியும் அங்கேயேவா? அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். போன் ஒலித்ததும், ஸ்பீக்கரைப் போட்டு, குகை வாசலுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக் குடிசை ஓரமாக வைத்தாள்.

"அம்மா? என்னம்மா சத்தம் அது?"

அக்கா சைகை காட்ட, அத்தான் குமிழைத் திருகினார். வழக்கமாகக் குகைக்குள் நுழையும் வண்டியை, அலமாரிக்குப் பின்னால் சுற்றிக் குகை வழியாக வெளியே வரும்படி இந்த முறை எதிர்த்திசையில் விட்டிருந்தார். மலைக்குள்ளே முதலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு ஈரக்கறை படிந்த கல்லில் சின்ன வெளிச்சம் விழுந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பயணிகள் கவனத்திற்கு."

கல்லில் விழுந்த வெளிச்சம் பெரிதாயிற்று.

"பல நாட்களாக எதிர்பார்க்கப்பட்ட வண்டி, இப்போது முதலாவது நடைமேடைக்கு வந்து கொண்டிருக்கிறது."

எஞ்சின் வளைவிலிருந்து தலையை நீட்டியது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, உரசாமல், வெளியே வந்தன.

"அப்பா" என்றது போன். பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பா, வண்டி இவ்வளவு நாள் எங்கப்பா நின்னுச்சு?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். சொல்லுங்கள் என்பது போல அக்கா தலையை ஆட்டினாள்.

"வண்டி குகைக்குள் நின்றுவிட்டது" என்றார் அறிவிப்புக் குரலில். அதற்கு மேல் அந்தக் குரல் நிற்கவில்லை, உடைந்து வீட்டுக் குரலாயிற்று. "தாமதத்திற்கு வருந்துறோம்மா. கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. பல்லு இல்ல, அவ்வளவுதான். நீ வா."

"பல்லா? என்னப்பா சொல்றீங்க? அம்மா! எனக்கு ஏம்மா சொல்லல?"

"அது பெரிய கதைடி, நீ வந்ததும் சொல்றேன். உங்க மாமாவும் இருக்கான், அவன்கிட்டக் கேட்டா ரெண்டு மொழியிலயும் பயமுறுத்துவான்."

"நான் வந்தா எந்த பிளாட்பாரம்பா?"

"இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதுல ஒரு நாய் படுத்திருக்கும், பார்த்து இறங்கு."

மகள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரிப்பவர்களின் சிரிப்பு போனில் வேறு மாதிரிக் கேட்கும். நான் பல தடவை அந்தப் பக்கம் இருந்தவன், எனக்குத் தெரியும். பிறகு அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். என்ன சாப்பிடுகிறாள், அறை எப்படி, எந்த வாரம் வருகிறாள். நாங்கள் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

அக்கா பேச்சைக் கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அத்தானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வைத்ததும் கிட்டே போனாள்.

"'ச' சொல்றப்போ லேசா விசில் அடிக்குது. முன்பல்ல அந்த ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்தி போல. படத்துக்காக வெச்சது."

"அடிக்குது" என்றார் அத்தான். ஒளிக்கவில்லை.

"வேற?"

அத்தான் யோசித்தார். பின்பக்கம் வலது ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு நிமிர்ந்து நின்று, பழைய குரலில் சொன்னார்: "பயணிகள் கவனத்திற்கு, ஒரு செட் பல் நாளை காலை மறுபடியும் திருப்பி அனுப்பப்படும்."

"வரட்டும், வரட்டும்" என்றாள் அக்கா, நீலத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு.